பாங்கொக்கிலிருந்து கோலாலம்பூருக்கு எவ்வளவு நேரம்?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. கொலோனில் ஒரு வாடகை மண்டபத்தில், செத்து முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டிச் சாப்பாட்டின்போது, கையில் தட்டோடு நின்ற என்னிடம் ஒரு பெண் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது.

"அண்ணை, பாங்கொக்கிலையிருந்து கோலாலம்பூருக்குப் பிளேனிலை எவ்வளவு நேரம்?"

அந்தியேட்டியில் கேட்கிற கேள்வியா இது? தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கைபேசியில் தேடி வாசித்துக் காட்டினேன். தூரம் ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு கிலோமீற்றர். பறக்கும் நேரம் இரண்டு மணித்தியாலமும் கொஞ்சமும். கோலாலம்பூர் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்கு ஓடுவதால் பயணச்சீட்டில் பார்த்தால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் போலத் தெரியும்.

"எனக்குத் தெரியும் அண்ணை," என்றார் அவர். "வேறை ஆரின்ரையும் வாயாலை ஒருக்கால் கேக்க வேணும் போலை கிடந்தது."

அவர் பெயர் கிருசாந்தி. அன்றைய அந்தியேட்டி அவருடைய மாமனார் ஆனந்தராசாவுக்கு. ஆனந்தராசாவின் ஒரே மகனும் கிருசாந்தியின் கணவருமான மதீசன் மண்டபத்தின் மறுகோடியில், வந்தவர்களைச் சாப்பிடாமல் போகவிடாமல் மறித்துக்கொண்டு நின்றார். கிருசாந்தி என்னிடம் சொல்லத் தொடங்கியவர், என் தட்டில் குழம்பு காய்ந்துபோகும்வரை சொன்னார். நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்துதான் சொன்னார். "எழுதுங்கோ. எழுதிப்போட்டு எனக்கு அனுப்புங்கோ. இவருக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, நான் இப்பிடி நினைக்கிறன் எண்டு."

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றி என்ன பயன்? கொலோனில் எங்கள் ஆட்கள் இரண்டு தொலைபேசி அழைப்பில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.)

2

தொடக்கம் மூன்று எழுதினேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, மூன்றையும் பாருங்கள்.

முதலாவது: "மேகங்களுக்கு மேலே, தாய்லாந்து வளைகுடாவின் நீலத்தைக் கடந்து, அந்த விமானம் ஒரு—" வெட்டிவிட்டேன். பயண முகவர் கடையில் சும்மா கொடுக்கிற தாளில் இப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

இரண்டாவது: "ஆனந்தராசா தன் எழுபத்து மூன்றாவது வயதில் முதல்முறையாக விமானம் ஏறினார். ஏறியவர் உயிரோடு திரும்பி—" இதுவும் சரிவராது. ஒரு மனிதரை அறிமுகப்படுத்திய அடுத்த வரியிலேயே கொல்லுவது மரியாதையில்லை. அதுவும், மகனைப் பார்ப்பதற்காக மலேசிய வெக்கைக்குள் கம்பளிச் சட்டையோடு வந்து இறங்கிய மனிதர். பிளேனுக்குள் குளிரும் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம்.

மூன்றாவது: "கிருசாந்தி பல் வைத்தியரிடம் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது." இது நிற்கும். இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

(மண்டபத்தில் 'அவர்'. கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிடுவாள். கதை எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம், கிருசாந்தி பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

3

கிருசாந்தி பல் வைத்தியரிடம் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மகள் ஆதிரை பள்ளிக்கூடம் போய்விட்டாள். மதீசன் முதல்நாள் இரவு பிராங்க்பேர்ட்டில் விமானம் ஏறியிருந்தான். அழைத்தது புஷ்பமலர், மாமியின் ஒன்றுவிட்ட தங்கை. கோலாலம்பூரில் இருப்பவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாமாவும் மாமியும் அவர் வீட்டில்தான் தங்கியிருந்தார்கள்.

"பிள்ளை, இருந்து கதை," என்றார் புஷ்பமலர்.

ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு கிருசாந்தி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். மாமா குளித்துவிட்டு வந்து கட்டிலில் இருந்தாராம். நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்கு என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டதாம்.

பிறகு மாமி இராஜேஸ்வரி தொலைபேசியை வாங்கினார். "கிருசாந்தி, தம்பிக்குச் சொல்லிப்போடாதை. தனிய வாறான். இஞ்சை வந்து இறங்கட்டும். நான் கையிலை பிடிச்சுக்கொண்டு சொல்லுறன்."

"ஓம் மாமி."

மாமி அழவில்லை. மகன் வந்து சேரும்வரை அழுகையை அடக்கி வைத்திருந்தார் போல.

ஏன் கோலாலம்பூர் என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள். மதீசனிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கிற நீலநிறப் பயணப் புத்தகம். உலகத்தில் எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கை தவிர என்று அதிலேயே அச்சடித்திருக்கும். ஜெர்மன் குடியுரிமைக்குப் போட்ட அந்திராக், அதுதான் விண்ணப்பம், எந்த மேசையில் கிடக்கிறதோ தெரியாது. இப்படியானவர்கள் தாய் தகப்பனைப் பார்க்க மூன்றாவது நாடொன்றைத் தேடிப் பிடிப்பார்கள். ஒரு காலம் சென்னை, ஒரு காலம் சிங்கப்பூர், இப்போது பலருக்கு மலேசியா. தாய் தகப்பன் அந்தப் பக்கத்தால் வருவார்கள், பிள்ளை இந்தப் பக்கத்தால் போவான். பாங்கொக்கில் இறங்கி மாறிப் போகிற சீட்டு மலிவு என்று மதீசன் அதை எடுத்தான். தகப்பனைப் பார்த்துப் பன்னிரண்டு வருசம்.

கிருசாந்தி வேலையிடத்துக்கு எடுத்து, இன்றைக்கு வர ஏலாது என்றாள். ஏன் என்று கேட்டார்கள். மாமனார் செத்துப்போனார் என்று ஜெர்மனில் சொன்னாள். வரவேற்பு மேசையில் இருக்கிறவள் ஆறுதல் சொல்லிவிட்டு, நோயாளிகளுக்குக் கொடுத்த அன்றைய நேரங்களை, டெர்மின்களை, மாற்றி எழுதத் தொடங்கினாள். பெற்ற மகனுக்கு முன்னம் அவளுக்குச் செய்தி தெரிந்துவிட்டதை நினைத்து, கிருசாந்தி தொலைபேசியை வைத்த பிறகுதான் அழுதாள்.

4

அடுத்த அழைப்பு மதீசனுடையது. பாங்கொக் விமான நிலையத்திலிருந்து.

"என்னப்பா, வேலைக்குப் போகேல்லையே?"

அதை அவள் யோசித்து வைக்கவில்லை. "இண்டைக்கு டெர்மின் குறைவு. பிந்திப் போறன்."

"அப்பா போனை எடுக்கிறாரில்லை. அம்மாவும் எடுக்கிறாவில்லை."

"மாமாவுக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்குதாம். படுத்திருக்கிறாராம்."

"என்ன ஏலாமை?"

"பயணக் களைப்பாக்கும். நீங்கள் சாப்பிட்டனீங்களே?"

"இல்லை. பிளேனிலை தந்ததை வாயிலை வைக்க ஏலாது. அம்மா புட்டு அவிச்சு வைச்சிருப்பா. இன்னும் ரெண்டு மணித்தியாலம் பறந்தாச் சரி. போய்ச் சாப்பிடுறன்."

"இல்லை, இப்ப சாப்பிடுங்கோ."

"ஏனப்பா?"

"வெறுவயித்தோடை போகாதேங்கோ. சொல்லுறதைக் கேளுங்கோ. சோறு ஏதும் வாங்கிச் சாப்பிடுங்கோ."

பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் யாரையோ வாசலுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பிறகு, "சரி, சாப்பிடுறன்," என்றான்.

(இந்த இடத்தில் ஓர் அடிக்குறிப்பு வேண்டும். பக்கத்தின் அடியில் போட்டால் யாரும் வாசிக்கமாட்டார்கள், ஆகவே இங்கேயே. எங்கள் ஆட்கள் சாவுச் செய்தியை நேரே சொல்லுவதில்லை. முதலில் 'ஏலாமல் கிடக்கு'. பிறகு 'கடுமையாம்'. ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் மிச்சம். சொல்லுவதற்கு முன் எப்படியாவது அவரை ஒருவாய் சாப்பிட வைத்துவிடுவார்கள். செத்தவீட்டில் அடுப்பு எரியாது, செய்தி கேட்ட வாய்க்குள் பிறகு சோறு இறங்காது. பச்சைத்தண்ணி குடிக்காமல் கிடப்பானே என்ற இரக்கம்தான். இப்படிச் சொல்லப்பட்டவர்களே நாளைக்கு இன்னொருவருக்கு இப்படிச் சொல்லுகிறவர்களும்.)

அரை மணித்தியாலத்தில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் வெள்ளைச் சோறு, பொரித்த முட்டை, கோழி. மற்றதில் சோறு முடிந்த வெறும் கோப்பை. கீழே, "நல்ல உறைப்பு" என்று எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தான்.

கிருசாந்தி குசினி அடுப்படியில் நின்று அந்த வெறும் கோப்பையையே பார்த்தாள். அவன் விமானம் ஏற இன்னும் நேரம் இருந்தது. எடுத்துச் சொல்லிவிடலாம். பெற்ற தகப்பன், அவனுக்கு உரிமை உண்டு. அவன் பெயரில் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுத்தாள். சொன்னால் என்ன செய்வான்? தெரியாத ஊர், கையில் நீலப் புத்தகம், அழுது விழுந்தால் தூக்க ஆளில்லை. விமானத்தைத் தவறவிட்டால் விசாவுக்கு யார் பதில் சொல்லுவது? மாமிக்கு வேறு வாக்குக் கொடுத்தாயிற்று. இப்படி இப்படி நினைத்துக்கொண்டிருக்க, "ஏறிட்டன்" என்று செய்தி வந்துவிட்டது.

விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டுகிற பக்கமொன்றைத் திறந்து வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். சின்ன மஞ்சள் விமானம் கடலுக்கு மேலால் தெற்கே ஊர்ந்தது. அதற்குள் ஒரு மனிதனுக்கு மட்டும் அப்பா இன்னும் உயிரோடு இருக்கிறார். அவன் புட்டை நினைத்துக்கொண்டு போகிறான். அப்பாவுக்கு முதலில் என்ன சொல்லுவது என்று யோசித்துக்கொண்டு போகிறான். இங்கே இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற தன்னை அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மண்டபத்தில் இதைச் சொல்லும்போது கிருசாந்தி என் தட்டையே பார்த்தார். "தேப்பன் செத்துக் கிடக்க, இவரை நான் சோறு திண்ண வைச்சனான் அண்ணை. ஆசையாப் படம் வேறை எடுத்து அனுப்பினவர்."

மகன் ஆஸ்பத்திரியில் தகப்பனை ஒரு பின்னேரம் பார்த்தான். பிறகு உடல் கொழும்புக்குப் பறந்தது, மகன் பிராங்க்பேர்ட்டுக்குப் பறந்தான். யாழ்ப்பாணத்தில் கொள்ளி வைத்தது மகன் முறையான ஒரு பெறாமகன்.

"வந்த நாளிலையிருந்து என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறாரில்லை. ஓம், இல்லை, போட்டுவாறன், அவ்வளவு தான். என்னை அவர் மன்னிக்கேல்லை. ஆதிரைக்குப் பள்ளிக்கூட லீவு விட, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மியூனிக்கிலை அக்காவிட்டைப் போகப் போறன். திரும்பி வாறதைப் பற்றிப் பிறகு யோசிப்பம். என்ரை முகத்தைப் பாக்கேக்கை எல்லாம் அவருக்கு அந்தக் கோப்பை தானே ஞாபகம் வரும்."

5

இதுவரை எழுதியதைத் திரும்ப வாசித்தேன். கிருசாந்தி நிற்கிறாள். மாமி நிற்கிறார். மதீசன் நிற்கவில்லை.

பாருங்கள், ஒரு மனிதன் பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு தகப்பனைப் பார்க்கப் போகிறான். தாயும் தகப்பனும் தொலைபேசி எடுக்கவில்லை. மனைவி வேலைக்குப் போகவில்லை. புட்டு அவிக்கிற வீட்டுக்குப் போகிறவனைச் சோறு தின்னு தின்னு என்று நெருக்குகிறாள். அவன் 'நல்ல உறைப்பு' என்று சிரிக்கிற முகம் போடுகிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் இப்படித்தான் இருக்கும். எங்கள் ஊரில் பிறந்தவன் எவனும் இவ்வளவு மொக்கன் இல்லை. கிருசாந்தி சொன்னபடிதான் எழுதினேன், ஆனால் கடதாசியில் வெட்டி ஒட்டிய ஆள் மாதிரி இருக்கிறான்.

சரி, முடிவையாவது திருத்திப் பார்ப்போம் என்று தொடங்கினேன்.

முடிவு ஒன்று: பாங்கொக்கிலேயே அவள் சொல்லிவிடுகிறாள். அவன் அந்நியர்களுக்கு நடுவே நிலத்தில் இருந்து அழ, யாரோ ஒரு தாய்லாந்துக்காரி தண்ணீர் கொண்டு வந்து— இல்லை. தண்ணீர் கொடுக்கிற அந்நியர்களைக் கதைகளில் நிறையப் பார்த்துவிட்டோம்.

முடிவு இரண்டு: கோலாலம்பூரில் செய்தி கேட்டதும் அவன் மனைவிக்கு எடுத்துக் கத்துகிறான், "உமக்கு எல்லாம் தெரிஞ்சும்—" இதுவும் இல்லை. கத்தியிருந்தால் கிருசாந்திக்கு நெஞ்சுப் பாரம் குறைந்திருக்கும். அவன் கத்தாததுதான் அவள் வருத்தமே.

முடிவு மூன்றை எழுத முன், மதீசனின் கார் வந்தது.

6

தமிழ்ச் சங்கக் கூட்டம் ஒன்று முடிந்து நான் பக்கத்து நகரமான பானுக்கு ரயில் எடுக்கப் புறப்பட்டபோது, "வாங்கோ அண்ணை, நானும் அந்தப் பக்கம் தான்," என்றார் மதீசன். அவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வேலையும் இல்லை என்று ஏறிய பிறகுதான் விளங்கியது.

பாதி வழி தாண்டினோம். பிறகு, "அவ உங்களுக்கு எல்லாம் சொன்னவ எண்டு தெரியும்," என்றார்.

நான் இருக்கைப் பட்டியைச் சரிசெய்தேன்.

"எனக்குப் பாங்கொக்கிலையே தெரியும் அண்ணை."

"ஆர் சொன்னது?"

"ஒருதரும் சொல்லேல்லை. சாப்பிடுங்கோ எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னா. அவவின்ரை அம்மா செத்துப்போன நேரம், நான் தான் வேலையாலை நேரத்தோடை வந்து, இடியப்பம் வாயிலை தீத்திப்போட்டுச் சொன்னனான். அண்டைக்கு நான் கதைச்ச மாதிரியே இண்டைக்கு அவ கதைக்கிறா. அவவுக்கு அது ஞாபகத்திலை இல்லை. எனக்கு மறக்குமே?"

"பிறகேன் சாப்பிட்டனீர்?"

"என்ன பாடுபட்டு அந்தப் பொய்யைச் சொல்லுறா எண்டு குரலிலை தெரிஞ்சுது. அதை வீணாக்க மனம் வரேல்லை. முழுக்கச் சாப்பிட்டன்."

லொறி ஒன்றை முந்துவதற்காகக் கண்ணாடியைப் பார்த்தார். முந்தவில்லை. அதன் பின்னாலேயே போனார்.

"பிளேனிலை அழேல்லை. அழுதாக் கண் சிவந்திரும், அம்மா வாசலிலை நிப்பா. நான் தெரியாதவன் மாதிரி இறங்க வேணும். யன்னல் கண்ணாடியிலை முகத்தைப் பாத்துச் சிரிச்சுப் பழகினன். பக்கத்திலை இருந்த மனிசி என்னைப் பைத்தியம் எண்டு நினைச்சிருக்கும். அம்மா கையைப் பிடிச்சுச் சொல்லேக்கை, அப்ப தான் கேக்கிறவன் மாதிரி விழுந்து குழறினன். முதலிலை நடிப்புத் தான் அண்ணை. பிறகு நிப்பாட்ட ஏலாமல் போச்சு."

எனக்கு அவரைத் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. கொஞ்சத் தூரம் போக, ஏன் இதைக் கிருசாந்திக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அந்த ரெண்டு மணித்தியாலம் எண்டாலும் நான் நிம்மதியாப் போனன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா. அந்த ஒரு ஆறுதல் அவவிட்டை இருக்கட்டும். தெரிஞ்சுகொண்டு தனிய ஏறினவன் எண்டு அறிஞ்சா, அவ தாங்கமாட்டா. அது தான் முகத்தைப் பாத்துக் கதைக்கப் பயமாக் கிடக்கு. கதைச்சால் வாயாலை வந்திடும்."

ஆறுதலா? இவர் நிம்மதியாகப் போனார் என்பதுதானே கிருசாந்தியைக் கொல்லுகிறது. அந்தப் பெண் அதனால்தானே மியூனிக்குக்குப் பெட்டி அடுக்குகிறார். என் வாய்வரை வந்துவிட்டது. "இவருக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்று மண்டபத்தில் அவர் சொன்னதும் கூடவே வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஊமை கண்ட கனவு என்பார்கள், நான் இரண்டு பேர் கண்ட கனவோடு ஊமையாக இருந்தேன்.

பானில் இறக்கிவிடும்போது மதீசன் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: "கதை எழுதினால், அவ சொன்னபடியே எழுதுங்கோ அண்ணை. இது வேண்டாம்."

தலையாட்டினேன். தலையாட்டுவது வாக்குக் கொடுப்பதாகுமா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

7

ஆகவே இந்தக் கதைக்கு இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. ஆறாவது பகுதி இல்லாத ஒன்று. அது இருக்கிற ஒன்று. நீங்கள் கையில் வைத்திருப்பது இரண்டாவது. கிருசாந்திக்கு நேற்று அனுப்பியது முதலாவது, அதுவும் நாலாவது பகுதி வரைக்கும்தான்.

மதீசன் கேட்டுக்கொண்டது நியாயம். அது அவருடைய துக்கம், யாருக்குச் சொல்லுவது என்பது அவர் பாடு. கிருசாந்தி அனுபவிப்பதும் நியாயமில்லை. செய்யாத குற்றம் ஒன்றுக்காக வீட்டை விட்டுப் போகப் பார்க்கிறார். நான் இடையில் நிற்கிறேன், தெரிந்துகொண்டு. சொல்லாமல் விடுவதற்கு எனக்கும் நல்ல நல்ல காரணங்கள் வருகின்றன. பாங்கொக்கில் அவன் விமானத்துக்குக் காத்திருந்த நேரம் குசினியில் நின்ற அந்தப் பெண்ணைப் பற்றி நான்காவது பகுதியில் வெகு சுலபமாக எழுதிவிட்டேன் என்று இப்போது நினைக்கிறேன்.

கிருசாந்தி வாசித்துவிட்டார். நாளைக்குப் பள்ளிக்கூட விடுமுறை தொடங்குகிறது. சற்று முன் அவரிடமிருந்து செய்தி வந்தது:

"நடந்தபடியே எழுதியிருக்கிறியள் அண்ணை. சப்பாத்தைக்கூட விடேல்லை. காலமை பிள்ளையோடை வெளிக்கிடுறன். ஒண்டு கேக்கட்டே? நீங்கள் இவரோடை காரிலை பானுக்குப் போனனீங்கள் எண்டு சங்கத்து ஆக்கள் சொல்லிச்சினம். உங்களுக்கு எண்டாலும் சொன்னவரோ, அந்த ரெண்டு மணித்தியாலமும் என்ன நினைச்சுக்கொண்டு போனவராம்?"

அதை வாசித்துவிட்டேன் என்று அவருக்குக் காட்டுகிற நீலக் கோடுகள் இரண்டும் விழுந்துவிட்டன. நான் பதில் எழுதத் தொடங்கியிருப்பதும் அவருக்குத் தெரியும்.

ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதலாம். கேட்கவில்லை என்று எழுதலாம். முடிவு எழுதுவது என் தொழில், இந்த முடிவை மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை. வாசித்த உங்களுக்கும் இப்போது எனக்குத் தெரிந்த அளவு தெரியும். அடுத்த சொல்லை நீங்கள் போடுங்கள்.

தங்கச்சி, அந்த ரெண்டு மணித்தியாலமும் அவர்